கடைசி ஸ்டாப்பில் ஒரு நீல ரிப்பன்

1958 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஆதிகேசவன் பஸ்ஸைப் பார்க்கப் போனான்.

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி அது. காம்பவுண்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பஸ் நின்றது. யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் வந்த ராணுவ லாரி அது. அதன் முதுகில் மரக்கூண்டு கட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, பஸ் ஆக்கியிருந்தார்கள். மூக்கு மட்டும் லாரியின் மூக்குதான். நீளமான, உயரமான பானெட். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் அந்த மூக்குக்கு முன்னால் பத்தடிக்குத் தரையே தெரியாது.

ஆதிகேசவனுக்கு அந்த மூக்கு பழக்கமானது. யுத்தத்தின்போது பர்மா எல்லையில் இதே மாதிரி வண்டியை மூன்று வருஷம் ஓட்டியவன். இப்போது முப்பத்தாறு வயது. மர்ஃபி டவுனில், மழைக்கு ஒழுகும் ஒற்றை அறையில் மனைவி பாஞ்சாலியோடு குடியிருந்தான். விமானத் தொழிற்சாலையில் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். அது வரும்வரை இது.

சாவியைக் கொடுக்கப் பழைய டிரைவர் டென்சில் வந்திருந்தான். ஆங்கிலோ இந்தியன், நல்ல உயரம். சாவியை நீட்டியவன் அதை உடனே விடவில்லை.

"லாஸ்ட் ஸ்டாப் லிங்கராஜபுரம். அங்க பஸ்ஸுக்கு முன்னால ஏதாவது தெரிஞ்சா எறங்காத மேன். ஹாரன் அடிக்காத. கியரைப் போட்டு நேரா போயிடு. ஒண்ணும் ஆகாது. ஒரு வருஷமா நான் அப்படித்தான் போறேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னா அப்புறம் ஏன் வேலைய வுட்டுட்டுப் போறீங்க?"

டென்சில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"டெய்லி போகணுமில்ல?" என்றான்.

பஸ்ஸில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கேத்தரின் என்று ஓர் ஆயா இருந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஆனால் தலை பாதி நரைத்திருந்தது. குழந்தைகளை அதட்ட மாட்டாள். சத்தம் போட்டுப் பேசவே மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுந்து பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, காதோரம் சொல்லுவாள்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பஸ் கிளம்பும். ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், அப்புறம் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் தார் ரோடு முடிந்து மண் ரோடு. இடது பக்கம் திராட்சைத் தோட்டத்து முள்வேலி, வலது பக்கம் வரிசையாக ஓட்டு வீடுகள். அந்த வேலியோரம்தான் கடைசி ஸ்டாப். அங்கே இறங்கும் நான்கைந்து குழந்தைகளும் பஸ்ஸுக்கு முன்னால் போய் ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். கேத்தரினின் வீடும் அந்த வரிசையில்தான். அவளே குழந்தைகளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவாள்.

முதல் இரண்டு நாளும் நல்ல வெயில். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றை மட்டும் ஆதிகேசவன் கவனித்தான். குழந்தைகளை விட்டபிறகும் கேத்தரின் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்து பஸ் படிக்கட்டுப் பக்கம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகரும்வரை பார்த்தாள்.

மூன்றாம் நாள் மழை தூறியது.

நாலரை மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. குழந்தைகள் ரோட்டைத் தாண்டி வீடுகளுக்குள் மறைந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாக இறங்கியது. ஆதிகேசவன் கியர்த் தண்டில் கையை வைத்தான்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

தகர மூடி ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கும் சத்தம். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே அது அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கக் கூடாது.

கையை எடுத்தான்.

பானெட்டின் இடது ஓரத்தில் ஒரு நீல ரிப்பன் முடிச்சு தெரிந்தது. பள்ளிக் குழந்தைகள் கட்டும் ரிப்பன். தலை தெரியவில்லை, முடிச்சு மட்டும். அது பானெட்டின் விளிம்பை ஒட்டி வலது பக்கமாக நகர்ந்தது. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை, மழையில் நனையும் குழந்தை குதித்துக் குதித்து வருவதுபோல. நடுவில் வந்ததும் நின்றது.

பிறகு கீழே குனிந்தது.

மேலே வரவே இல்லை.

ஆதிகேசவன் காத்திருந்தான். இன்ஜினை அணைத்தான். வைப்பர் பாதியில் நின்றது. நனைந்த கம்பளிச் சட்டையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை பஸ்ஸுக்குள் மெல்லப் பரவியது. குழந்தைகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அந்த வாசனை இப்போதுதான் வந்தது.

இறங்கி முன்னால் ஓடினான். ரோடு காலியாக இருந்தது. பம்பருக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தான். சேறு, மழைத்தண்ணீர். வேறொன்றும் இல்லை. மூடியும் இல்லை.

நிமிர்ந்தபோது கேத்தரின் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ரோட்டை அவள் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"என்ன பாத்தீங்கண்ணா?"

"ஒரு பொண்ணும்மா. தாண்டி வந்துச்சு. நடுவுல குனிஞ்சுது. காணோம்."

"ரிப்பன் இருந்துச்சா?"

"நீலம்."

"முடிச்சு நேரா இருந்துச்சா, சாஞ்சி இருந்துச்சா?"

கேள்வியின் விசித்திரம் அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. "இடது பக்கமா சாஞ்சி இருந்துச்சு" என்றான்.

கேத்தரின் சிரித்தாள். மழை வழியும் முகத்தில், உதடுகள் நடுங்க, சந்தோஷமாகவே சிரித்தாள். ரிப்பனைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் ஆதிகேசவன் அதிகம் பயந்தான்.

"அன்னிக்கு அவசரத்துல நான்தான் சரியா கட்டல" என்றாள்.

பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துதான் அவள் அதைச் சொன்னாள். தாழ்ந்த குரலில், எதிரே இருந்த தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி.

"பேரு பவுலின். ஏழு வயசு. ஒரே புள்ள. அவங்கப்பா அவ கைக்கொழந்தையா இருக்கும்போதே போயிட்டாரு. ரெண்டு வருஷமாச்சு, இதே மாதிரி மழை. துண்ட எடுத்துக்கினு நான் அந்த வாசல்ல நின்னேன். அவ எறங்கி, இதோ இந்த வேலியாண்ட நின்னுக்கினு இருந்தா. பஸ்ஸு போனதுக்கு அப்புறம்தான் தாண்டணும்னு சொல்லி வெச்சிருந்தேன். சொன்ன மாதிரிதான் நின்னா, பாவம். நின்னுக்கினுதான் இருந்தா. நான்தான்…"

நிறுத்திவிட்டாள்.

"நான்தான் கூப்ட்டேன். நனையுறியேடி, ஓடியா ஓடியான்னு கையாட்டிக் கூப்ட்டேன். ஓடியாந்தா. நடுவுல டிபன் மூடி வுழுந்துச்சு. குனிஞ்சா. மேலேர்ந்து டிரைவரு கிளாரன்ஸுக்கு என்னா தெரியும்? கண்ணாடிய தொடச்சாரு, யாரும் இல்லன்னு கியரப் போட்டாரு. அவர் மேல தப்பில்லண்ணா. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கையே தொடல அந்த மனுஷன். கோலார்ல அக்கா வூட்டுக்குப் போயிட்டாரு."

"நீங்க ஏம்மா இந்த பஸ்ஸுலயே வேலைக்கு வந்தீங்க?"

"அடுத்து வந்த டிரைவருக்கு அவ தெரிஞ்சா. மழை வந்தா தெரிஞ்சா. பயந்து ஓடிட்டாரு. ஊரெல்லாம் சொன்னாங்க. மதர் கால்ல வுழுந்து ஆயா வேல கேட்டேன், கிட்டயே இருந்தா எனக்கும் தெரிவாளோன்னு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "தெரியலண்ணா. பம்பராண்ட மண்டி போட்டுப் பாத்தேன். டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து பாத்தேன். ஒரு சத்தம்கூட கேக்கல. கூப்ட்டவளே நான்தானே? என் கண்ணுல எப்படி படுவா?"

"டென்சில்…"

"டென்சில் பாப்பாரு. கேட்டா சொல்ல மாட்டாரு. பஸ்ஸு நேரா போயிடும். தெனம் தெனம் நேரா போயிடும். நான் இங்க நின்னு கண்ண மூடிக்குவேன்."

ஆதிகேசவன் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் அவன் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டான். எந்த ஸ்டாப்பிலும் பஸ்ஸை ஒட்டி யாரும் தாண்டக் கூடாது. பத்தடி முன்னால் போய் நின்று, திரும்பி, அவனைப் பார்க்க வேண்டும். அவன் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டும், அவர்கள் முகத்தை அவன் பார்க்க வேண்டும். அவன் தலையசைத்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "டிரைவரண்ணா, நான் தெரியுறனா?" என்று கத்திவிட்டுத் தாண்டுவார்கள். எல்லோரும் போனபிறகு அவன் இறங்கிப் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். மற்ற ஸ்டாப்புகளில் பெற்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

கடைசி ஸ்டாப்பில், மழை நாளில், இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பான்.

மூடியின் சத்தம் வரும். ரிப்பன் வரும். நடுவில் குனியும். அவன் நூறு எண்ணுவான். பிறகு இறங்கிப் பார்ப்பான். பிறகு கேத்தரினிடம் சொல்லுவான். அவள் ஒவ்வொன்றையும் கேட்பாள். இன்று மெதுவாக வந்தாளா, வேகமாகவா? முடி நனைந்திருந்ததா? இருமினாளா? அவளுக்கு மழை ஒத்துக்கொள்ளாது, இருமுவாளே. தெரிந்ததை ஆதிகேசவன் சொல்லுவான். அதை வாங்கிக்கொண்டு அவள் குடையை விரித்து வீட்டுக்குப் போவாள்.

ஆனால் பயம் அவனை விடவில்லை. அது நாளுக்கு நாள் ஏறியது.

ஒரு நாள் ரிப்பன் குனியாமல் வெகுநேரம் அங்கேயே நின்றது, எதற்கோ காத்திருப்பதுபோல. மழையில்லாத இன்னொரு நாள் இறங்கிப் பார்த்தபோது, புழுதி படிந்த பானெட்டின் முனையில் ஈரமாக ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. அவன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சூட்டில் அது விரல் விரலாக உலர்ந்து மறைந்தது. ஜூலை பிறந்தபோது, மழை மேகம் தெரிந்தாலே அவன் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான்.

அந்த வாரம்தான் விமானத் தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் வந்தது. நிரந்தர வேலை. ஒழுகாத குவார்ட்டர்ஸ்.

"கவர் வந்து நாலு நாளாவுது" என்றாள் பாஞ்சாலி. ஒழுகும் இடத்தில் வைத்திருந்த குண்டானை எடுத்து வாசலில் கொட்டினாள். "சும்மா தலையணைக்கு அடியில வெச்சிக்கினு படுத்திருக்கியே. அந்த பஸ்ஸுல அப்படி இன்னா இருக்குது ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா தூக்கத்துல நூறு வரைக்கும் எண்ணுற?"

மறுநாள் பள்ளியில் எழுதிக் கொடுத்தான். இன்னும் பத்து நாளில் நின்றுகொள்வதாக.

கேத்தரினிடம் சொல்ல மதியம்வரை தைரியம் வரவில்லை. கொட்டகையில், பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னான். அவள் அழவில்லை. "நல்லதுண்ணா. நல்ல வேல" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள்.

"அப்புறம் எனக்கு யாருண்ணா சொல்லுவாங்க?"

அன்று சாயங்காலம் மழை கொட்டியது.

ரயில்வே கேட் அரைமணி நேரம் மூடியிருந்தது. கடைசி ஸ்டாப்புக்கு வரும்போதே ஐந்தரை. கல் ஏற்றிய லாரி ஒன்று பின்னாலேயே வந்து விடாமல் ஹாரன் அடித்தது. குறுகலான ரோடு, ஒதுங்க வழியில்லை. மூன்று குழந்தைகளைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு கேத்தரின் ரோட்டைத் தாண்டி ஓடினாள். பத்தடி, முகம், தலையசைப்பு எல்லாம் அந்த மழையில் கலைந்துபோயின. பானெட்டுக்கு அப்பால் குடை ஒன்று போவது மட்டும் ஆதிகேசவனுக்குத் தெரிந்தது.

லாரி ஹாரன் அடித்தது.

தகரம் ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

ரிப்பன் தெரிந்தது. பானெட்டின் நடுவில். குனிந்தது. மறைந்தது.

"போதும்" என்றான் ஆதிகேசவன், வாய்விட்டு. "போதும்மா தாயே. என்னால முடியல."

லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது. டென்சில் சொன்னது ஞாபகம் வந்தது. நேரா போயிடு, ஒண்ணும் ஆகாது. கிளட்சை மிதித்தான். முதல் கியர் விழுந்தது. காலை மெல்ல எடுத்தான். பஸ் ஒரு சாண் நகர்ந்தது.

பானெட்டின் விளிம்பில் இரண்டு சின்னக் கைகள் வந்து பற்றின.

அவற்றுக்கு நடுவில் ஒரு தலை எழும்பியது. நெற்றியில் ஒட்டிய முடி. இடது பக்கம் சாய்ந்த ரிப்பன். மழைத்தண்ணீர் அந்த முகத்தில் வழியவில்லை, அதற்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் அவனையே பார்த்தன. கோபமில்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது.

தலை இப்படியும் அப்படியுமாக அசைந்தது.

வேண்டாம்.

ஆதிகேசவன் பிரேக்கின்மேல் ஏறி நின்றான். பஸ் குலுங்கி அணைந்தது.

கதவைத் திறந்து விழுந்தடித்து இறங்கினான். பம்பருக்கு அடியில், முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள் அனந்தலக்ஷ்மி. ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. கேத்தரினின் கையை உதறிவிட்டு, விழுந்த பென்சில் டப்பாவைத் தேடித் திரும்பி வந்தவள். டப்பாவை எடுத்துவிட்டிருந்தாள். உள்ளேயிருந்து சிதறிய பலப்பக் குச்சிகளைச் சேற்றில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டிரைவரண்ணா, ஒண்ணு ஒடைஞ்சிபோச்சு" என்றாள்.

அவளை இழுத்து எடுத்தான். உயிருள்ள குழந்தையின் சூடு. பின்னால் லாரி நிறுத்தாமல் அலறியது. அவன் அதை நோக்கிக் கையைக்கூட ஆட்டவில்லை. வலது கையால் அனந்தலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டத் திரும்பினான்.

எதிரே கேத்தரின் நின்றிருந்தாள். தன் வீட்டு வாசலில், அதே இடத்தில். குழந்தை கையை விட்டுப் போனதை அவள் பார்த்துவிட்டாள். கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்திருக்கிறாள். குரல் வரவில்லை. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, குடை காலடியில் கவிழ்ந்து கிடக்க, நனைந்துகொண்டிருந்தாள்.

ஆதிகேசவன் ஒரு அடி வைத்தான்.

அவனுடைய இடது கையை யாரோ பிடித்தார்கள்.

சின்னக் கை. சில்லென்று இருந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரல்கள். அவை அவனுடைய சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தன, குழந்தைகள் பெரியவர்கள் கையைப் பிடிக்கும் விதமாக.

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது.

நடந்தான். வலது பக்கம் ஒரு குழந்தை. இடது பக்கம் ஒரு குழந்தை.

அந்தப் பக்கம் போனதும் அனந்தலக்ஷ்மி கையை விடுவித்துக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள். இடது கைப் பிடி விடவில்லை. ரோட்டின் ஓரத்தில், வாசலுக்கு நான்கு அடி முன்னால் அது நின்றுவிட்டது. அவன் மெல்ல இழுத்தான். வரவில்லை.

கேத்தரின் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். காற்றில் பாதியில் நிற்கும் கை. எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கிய விரல்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா…"

"வர மாட்டேங்குதும்மா. நின்னுக்கினே இருக்குது."

கேத்தரின் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"கூப்புடுங்கம்மா" என்றான் ஆதிகேசவன்.

அவள் பலமாகத் தலையை ஆட்டினாள். "மாட்டேன். என்னால ஆவாது. கூப்ட்டுத்தான்…"

"ரோட்ட தாண்டியாச்சும்மா. கூப்ட்டாதான் வரும். சொன்ன பேச்சு கேக்குற புள்ளைன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க கூப்புடறதுக்குத்தான் நிக்குது."

கேத்தரின் வாயிலிருந்து கைகளை எடுத்தாள். இரண்டு வருஷமாக உயர்த்தாத குரல் தொண்டையிலேயே சிக்கியது. முதலில் காற்றுதான் வந்தது.

"பவுலின்" என்றாள். "மெதுவா வா கண்ணு. ஓடாத. மெதுவா."

ஆதிகேசவனின் கையிலிருந்த குளிர் போய்விட்டது.

கேத்தரின் அப்படியே நின்றாள். கண்களை அகலத் திறந்து, தன்னைச் சுற்றித் தேடினாள். "வந்துட்டாளா? எங்கண்ணா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. வந்துட்டாளா?"

அவனுக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு அவள் சேலையைப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே, நனைந்த வெள்ளைத் துணி ஒரு சின்னப் பிடிக்குள் கசங்கியதுபோலச் சுருங்கிக் குவிந்திருந்தது. அவள் அதை உணரவில்லை.

"வந்துட்டாம்மா. சேலைய புடிச்சிக்கினு நிக்கறா."

கேத்தரின் கையை நீட்டினாள். தலையைத் தடவுவதற்காகத் தன் மார்புக்கு நேராக, காற்றில் வைத்தாள். இப்போது ஒன்பது வயது ஆகியிருக்கும் குழந்தையின் உயரத்துக்கு.



"இன்னும் கொஞ்சம் கீழம்மா" என்றான் ஆதிகேசவன்.

அதன்பிறகு மழை பெய்தும் பஸ்ஸின் முன்னால் ரிப்பன் வரவில்லை. மூடியின் சத்தமும் இல்லை. ஆதிகேசவன் இன்ஜினை அணைத்து நூறு எண்ணினான், இருநூறு எண்ணினான். ஒன்றுமில்லை. அவன் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் கேத்தரினைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"இன்னிக்கும் வரலையாண்ணா?"

"இல்லம்மா."

"நல்லாதானே கூப்ட்டேன்?" என்று கேட்டாள் ஒரு நாள். "அன்னிக்கு தலைய தொட்டேனே, எனக்கு ஒரு ஈரம்கூட தெரியல. அதுவே கடைசியா? இங்க இருந்தவள கூப்ட்டு நானே அனுப்பி வெச்சிட்டனா?"

முன்பாவது, காணாத மகள் அங்கே இருக்கிறாள் என்று மழை நாளிலெல்லாம் ஒருவன் சொன்னான். இப்போது அதுவும் போயிற்று. அவள் கன்னங்கள் அந்தப் பத்து நாளில் ஒட்டிப்போயின.

பத்தாம் நாள் அவனுடைய கடைசி நாள். புதிதாக வரப்போகும் டிரைவர் சந்தானத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறக்கிக் கூட்டிப்போய்ப் பஸ்ஸைச் சுற்றிக் காட்டினான். மூக்குக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, "இப்ப நான் தெரியுறனா பாருங்க" என்று சீட்டில் இருந்தவனைக் கேட்டான். "தெரியல" என்றான் சந்தானம். "அதுதான். தெரியலன்னா யாரும் இல்லன்னு அர்த்தமில்ல. எறங்கிப் பாக்கணும். எவன் ஹாரன் அடிச்சாலும் எறங்கிப் பாக்கணும்."

கடைசி ஸ்டாப்பில் குழந்தைகள் பத்தடி முன்னால் நின்று கத்திவிட்டுத் தாண்டினார்கள். அனந்தலக்ஷ்மியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கேத்தரின் அவனைக் கும்பிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் கேட்பதற்கில்லை என்று முடிவு செய்துவிட்டவளைப்போல் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். அன்று வீட்டுக்குள் போகவில்லை. வாசலைத் தாண்டி, மாதா கோயிலுக்குப் போகும் மண்பாதையில் திரும்பினாள்.

ஆதிகேசவன் அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மழையில் குழைந்திருந்த மண்ணில் அவளுடைய செருப்புத் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

அவற்றுக்கு இடது பக்கத்தில் வேறு தடங்களும் விழுந்துகொண்டிருந்தன.

சின்ன ஷூத் தடங்கள். அவளுடைய ஒரு அடிக்கு இரண்டு அடியாக. ஒரு தடம் பதியும், ஓரத்தில் தண்ணீர் ஊறும், அடுத்த தடம் பதியும்.

அவன் அருகில் ஓடினான். காலடிச் சத்தம் கேட்டுக் கேத்தரின் நின்று திரும்பினாள். தடங்களும் நின்றன.

"என்னண்ணா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் அழுதுவிடுவான்.

"ஒண்ணுமில்லம்மா. கொடைய கொஞ்சம் இடது பக்கமா புடிங்க."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெல்ல, மிக மெல்ல, குடையை இடது பக்கம் சாய்த்தாள். அவளுடைய வலது தோளில் மழை விழ ஆரம்பித்தது. அவள் கீழே குனிந்து பார்க்கவில்லை. தன் கண்ணுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். நடையைச் சின்னதாக்கிக்கொண்டு போனாள்.

பாதையின் நடுவில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. கேத்தரின் ஓரமாக விலகி நடந்தாள்.

சின்னத் தடங்கள் குட்டையின் விளிம்பில் நின்றன. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு குட்டைக்கு அந்தப் பக்கம், ஈர மண்ணில், இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் அழுந்தப் பதிந்தன.